பொன்னம்மாளுக்காக ஏறெடுத்த ஜெபம்

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதானது தெரிந்த நாளிலிருந்து அவர் கண்ணை மூடிய நாள்வரை பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதமும் எங்கள் வீட்டில் ஜெபம் ஓய்ந்ததில்லை. டயாலிசிஸுக்குத் திருநெல்வேலி பஸ் ஏறும்போது ஒரு ஜெபம், இறங்கும்போது ஒரு ஜெபம். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடு தேடி வந்து முழங்காலில் நின்றார்கள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்த ஒரு பிரசங்கியார், காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “விசுவாசம் மட்டும் பூரணமா இருந்திருந்தா ஆண்டவர் சுகம் குடுத்திருப்பாரு டீச்சர்” என்றார்.

அன்று நான் வாய் திறக்கவில்லை. துக்க வீட்டில் என்ன பேச முடியும்? ஆனால் அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதைப் பிடுங்கத்தான் எங்கள் பக்கத்து ஊரின் பழைய கதையைத் தேடித் தேடி வாசித்தேன். அந்த ஊர் டோனாவூர். களக்காட்டிலிருந்து தெற்கே போனால், மலையை ஒட்டினாற்போல் இருக்கிறது. என் ஆச்சி சிறுமியாக இருந்தபோது, அந்த ஊர் வெள்ளைக்கார அம்மையார் மாட்டு வண்டியில் போவதைப் பார்த்திருக்கிறாள். “நம்மளப் போல சேலதான் உடுத்திருப்பா ஏட்டி” என்று சொல்லிச் சொல்லி வியப்பாள்.

டோனாவூர் என்ற பெயரே ஜெபத்தோடு பிறந்த பெயர். 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியுஸ் ஐயர் காலத்தில், ஞானஸ்நானம் வாங்கிய ஏழை ஜனங்கள் ஊர்ப் பெரியவர்களின் கோபத்துக்கு ஆளாகி, வீடும் வேலையும் இழந்து நின்றார்கள். அவர்களைக் குடியமர்த்த நிலம் வேண்டும். நிலம் வாங்கப் பணம் வேண்டும். பிரஷ்ய நாட்டுப் பிரபு ஒருவர் பணம் அனுப்பினார். அவர் பெயர் டோனா. அந்தப் பணத்தில் 1827ல் உருவான கிராமத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இப்படி ஒதுங்க இடமில்லாத கிறிஸ்தவர்களுக்காகவே 1830ல் ரேனியுஸ் தர்ம சங்கத்தையும் தொடங்கினார். ஆகவே எங்கள் சீமையில் ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது என்பதற்கு நிலப்பத்திரமே சாட்சி. தாத்தாவின் தாத்தா கேட்டார், பேரன் அந்த மண்ணில் வீடு கட்டியிருக்கிறான். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஜெபம் கேட்கப்படும் என்று முழு மனதோடு நம்புகிறவள்தான் நான்.

அந்த வெள்ளைக்கார அம்மையார் ஏமி கார்மைக்கேல். 1867ல் அயர்லாந்தின் கடற்கரைக் கிராமமான மில்லைலில் பிறந்தவர். எங்கள் ஓய்வுநாள் பாடசாலையில் படித்த எந்தப் பிள்ளைக்கும் அவருடைய நீலக்கண் கதை தெரியும். அவர் தாயாருக்கு நீலக் கண்கள், இவருக்குப் பழுப்புக் கண்கள். மூன்று வயதோ என்னவோ, கேட்டது எதுவானாலும் ஆண்டவர் தருவார் என்று அம்மா சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, நீலக் கண் வேண்டும் என்று இரவில் ஜெபித்துவிட்டுத் தூங்கியது குழந்தை. காலையில் எழுந்ததும் ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தது. அதே பழுப்புக் கண். “இல்லை” என்பதும் ஒரு பதில்தான் என்று குழந்தைக்குப் புரியவைத்தார்கள்.

எங்கள் டீச்சர் இந்தக் கதையை இதோடு விடமாட்டார். பின்னாளில் இந்தியா வந்த ஏமி, காப்பி நிறச் சாயம் பூசி, சேலை உடுத்தி, கோயில்களுக்குள் போய், அங்கே நேர்ந்துவிடப்பட்ட பிள்ளைகளின் நிலையை அறிந்தார் என்றும், கண் நீலமாக இருந்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார் என்றும் முடிப்பார். பிள்ளைகள் கை தட்டுவோம். இப்போது நினைத்தால் அந்த முடிவு எனக்கு ஒப்பவில்லை. எல்லா “இல்லை”க்கும் முப்பது வருஷம் கழித்து ஒரு காரணம் தெரியவரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், காரணம் தெரியாமலே போகிறவர்கள் என்ன செய்வார்கள்? அந்தக் குழந்தை கண்ணாடி முன் நின்ற காலைப்பொழுதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அன்று அதன் கையில் எந்தக் காரணமும் இல்லை.

ஏமி 1895ல் இந்தியா வந்தார். பெங்களூரில் சில காலம். பிறகு திருநெல்வேலியில் மிஷனரி வாக்கர் ஐயரிடம் தமிழ் படித்து, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துப் பண்ணைவிளையில் தங்கி, தமிழ்ப் பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். 1901 மார்ச்சில் ஒரு நாள் காலை, பிரீனா என்ற ஏழு வயதுப் பிள்ளை அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த குழந்தை. முன்பே ஒரு முறை தப்பி, தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடியிருக்கிறாள். தாய் பயந்து திரும்பக் கொண்டுவிட்டாள். தண்டனையாகக் கையில் சூடு. ‘பிள்ளை பிடிக்கிற அம்மை’ ஒருத்தி இருக்கிறாள் என்று பிள்ளையைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். பயமுறுத்தச் சொன்ன வார்த்தையே அவளுக்கு வழிகாட்டியது. அந்த அம்மையிடமே என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறாள். டோனாவூர்ப் பக்கம் பல மாதம் இருந்த ஏமி பண்ணைவிளைக்குத் திரும்பியது அதற்கு முந்திய நாள்தான். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் பிள்ளை பூட்டிய கதவைத்தான் பார்த்திருப்பாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பிறகு ஏமி டோனாவூருக்கே குடிபெயர்ந்தார். அந்த ஒரு பிள்ளையிலிருந்து அவருடைய டோனாவூர் இல்லம் வளர்ந்தது. 1904ல் பதினேழு பிள்ளைகள். பிறகு நூற்றுக்கணக்கில். 1918 முதல் ஆண் பிள்ளைகளும் வந்தார்கள். 1927ல் டோனாவூர் ஐக்கியம் என்று பதிவானது. பரம சுக சாலை என்ற மருத்துவமனை எழுந்தது. பணத்துக்காக யாரிடமும் கை நீட்டுவதில்லை, ஆண்டவரிடம் மட்டும் கேட்பது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஜார்ஜ் முல்லர் 1836 முதல் அநாதைப் பிள்ளைகளை வளர்த்ததும் இதே வழியில்தான். அவரும் கேட்டதையும் வந்ததையும் தேதி போட்டு எழுதி வைத்தார். பிரசங்கங்களில் நாம் கேட்பதெல்லாம் இந்தப் பக்கங்கள்தான். கேட்டார், வந்தது. கேட்டார், வந்தது.

இனி, பிரசங்கத்தில் நான் ஒருபோதும் கேட்டிராத பக்கம்.

பொன்னம்மாள் தமிழ்ப் பெண், இளம் விதவை. அந்தக் காலத்தில் கிறிஸ்தவ வீடுகளிலும் விதவை என்றால் மூலைதான். அந்த மூலையிலிருந்து எழுந்து வந்து ஏமியின் வலது கையானார். கைக்குழந்தைகள் வரத் தொடங்கியபோது டோனாவூரில் டாக்டர் கிடையாது. பக்கத்தில் ஆஸ்பத்திரி என்றால் மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர்ச் சீமையில் நெய்யூர். அங்கே குழந்தைகளுக்கென்று ஒரு விடுதி வைத்து, பொன்னம்மாளை அதற்குப் பொறுப்பாக அனுப்பினார்கள். தாய்ப்பால் இல்லாத சிசுக்கள், ராத்திரி முழுவதும் அழுகிற சிசுக்கள். கொள்ளைநோயில் சில பிள்ளைகள் கையிலேயே போயின. எத்தனை சிறு குழிகளுக்கு அந்த அம்மாள் பக்கத்தில் நின்றிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

1912ல் வாக்கர் ஐயர் மசூலிப்பட்டணத்துக்குக் கூட்டம் நடத்தப் போன இடத்தில் இறந்தார். டோனாவூருக்கு அவர்தான் தூண். அடுத்த ஆண்டு ஏமியின் தாயார் இறந்தார். அதே 1913ல் பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. நாகர்கோவிலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நோய் திரும்பி வந்தது.

அப்போது அவர்கள் ஜெபித்தார்கள். பேருக்கு ஜெபிக்கவில்லை. எல்லோரும் வெள்ளைச் சேலை உடுத்திப் பொன்னம்மாளின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். வெற்றியின் அடையாளமாக ஒரு குருத்தோலையைக் கட்டிலின் குறுக்கே வைத்தார்கள். சுகமோ வேறெதுவோ, ஆண்டவர் தருவதை ஏற்போம் என்று ஒப்புக்கொடுத்தார்கள். அந்த நாளிலிருந்தே பொன்னம்மாளுக்கு வலி கூடியது. கண்ணின் ஒளி மங்கியது. மாதக்கணக்கில் துடித்து, 1915 ஆகஸ்டில் இறந்தார்.

இந்த இடத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் கவிழ்த்துப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். குருத்தோலை. எங்கள் பனங்காட்டுச் சீமையில் குருத்தோலை ஞாயிறன்று ஒவ்வொரு பிள்ளையும் கையில் பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றி வருகிற அதே ஓலை. அதைக் கட்டிலில் வைத்த பெண்களுக்கா விசுவாசம் குறைவு? பல வருஷம் யாரிடமும் பணம் கேட்காமல், பிள்ளைகளுக்கு நாளைய அரிசியை ஆண்டவரிடமே கேட்டு வாங்கியவர்கள் அவர்கள். அந்தப் பிரசங்கியார் என்னிடம் சொன்னதை அந்தக் கட்டிலருகே போய்ச் சொல்ல அவருக்குத் தைரியம் வருமா? விசுவாசம் குறைந்ததால்தான் சாவு வந்தது என்பது எங்கள் திருச்சபையின் சொந்தச் சரித்திரத்துக்கே ஒவ்வாத பேச்சு. துக்க வீட்டில் அதைச் சொல்வது பாவம் என்றே நினைக்கிறேன்.

ஏமி இதை மறைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். பொன்னம்மாளின் வாழ்க்கையைத் தனி நூலாகவே எழுதி 1918ல் வெளியிட்டார். ஜெபம் பலிக்காத கதை ஊழியத்துக்குக் கெட்ட பெயர் என்று அவர் எண்ணவில்லை. பிரீனா வந்த காலையை எழுதிய அதே கைதான் அந்தக் கட்டிலையும் எழுதியது.

பொன்னம்மாள் இறந்து பதினாறு ஆண்டு கழித்து ஏமிக்கும் முறை வந்தது. 1931 அக்டோபர் 24ம் தேதி காலை, உமக்கு ஊழியம் செய்ய என்னைத் தகுதியாக்கும், அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்யும் என்று ஜெபித்தாராம். அன்று பொழுது சாயும் நேரம் களக்காட்டில், மருந்தகத்துக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போனவர், தோண்டக்கூடாத இடத்தில் தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் ஒடிந்தது. சில வாரத்தில் எழுந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள், ஜெபித்தார்கள். அவர் பழையபடி நடமாடவேயில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டு, 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஒரே அறை. அந்தப் படுக்கையிலிருந்து எழுதிய நூல்கள் பல. அதில் ஒன்று நோயாளிகளுக்காகவே ஒரு நோயாளி எழுதியது. நலமாக இருப்பவர்கள் நோயாளிக்கு எழுதும் ஆறுதல் மனதில் ஒட்டுவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. காலையில் செய்த ஜெபத்துக்கு மாலையில் விழுந்த குழிதான் பதில் என்று சிலர் சொல்கிறார்கள். அவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழி வெட்டியவர்கள் இடம் மாற்றி வெட்டியிருந்தார்கள், அவ்வளவு தெரியும்.

பிள்ளைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தைத் தடுக்கச் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1947ல்தான். முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் அதற்காகப் போராடத் தொடங்கி இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிரீனா தப்பி வந்து நாற்பத்தாறு வருஷம். படுக்கையில் இருந்த ஏமி அந்தச் செய்தியைக் கேட்கும் அளவுக்கு உயிரோடிருந்தார்.

தமிழில் ஒரு சொல்லை நான் இப்போது புதிதாகப் பார்க்கிறேன். நாம் ஆண்டவரிடம் கேட்கிறோம். ஆண்டவரும் கேட்கிறார். யாசிப்பதற்கும் செவிகொடுப்பதற்கும் நம் மொழியில் ஒரே வினைதான். “என் ஜெபம் கேட்கப்பட்டது” என்று சாட்சி சொல்கிறவர் உண்மையில் சொல்வது, என் சத்தம் ஒரு காதில் விழுந்தது என்பதைத்தான். அதை ‘கிடைத்தது’ என்று நாமே சுருக்கிக்கொண்டோம். பொன்னம்மாளின் கட்டிலைச் சுற்றி நின்றவர்களின் சத்தம் கேட்கப்பட்டது என்று நான் நம்புகிறேன். என் வீட்டுக்காரருக்காகப் பஸ்ஸில் நான் முணுமுணுத்ததும் கேட்கப்பட்டது. கேட்டது கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

போன மாதம் சங்கக் கூட்டத்தில் சாட்சி நேரம். வழக்கம்போல் மகனுக்கு வேலை கிடைத்தது, மருமகளுக்குச் சுகப் பிரசவம் என்று ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்கும் சந்தோஷம்தான். என் முறை வந்ததும் எழுந்து பொன்னம்மாளின் கதையைச் சொன்னேன். வெள்ளைச் சேலை, குருத்தோலை, கூடிய வலி, ஆகஸ்ட் மாதம். அதோடு என் பதினான்கு மாதத்தையும் சொல்லி உட்கார்ந்தேன். ஒருவரும் பேசவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மை, எழுபத்தைந்து வயதிருக்கும், தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முப்பது வருஷத்துக்கு முன் கிணற்றில் விழுந்து செத்துப்போன தன் மகனின் பெயரைச் சொன்னாள். “அவன எடுக்கும்போது மூச்சு இருந்துது. நானும் ஜெபிச்சேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எங்கள் கூட்டத்தில் அந்தப் பெயரை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பிறகு ஒரு சின்னப்பெண், திங்கட்கிழமை தன் அம்மாவுக்கு ஸ்கேன் ரிசல்ட் வருகிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றாள். பெரியம்மைக்கு முழங்கால் மடங்காது. நாற்காலியைப் பிடித்தபடி நின்றாள். நாங்கள் எல்லோரும் முழங்காலிட்டோம்.