பி.எட். பாடத்திட்டமும் வகுப்பறைத் தொழில்நுட்பமும்

இந்தியாவில் ஆசிரியர் கல்விக்கான நெறிமுறைகளைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுக்கிறது. 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இது 1995 இல் சட்டபூர்வ அமைப்பானது. அக்காலத்தில் பி.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்தது. ‘கல்வித் தொழில்நுட்பம்’ பெரும்பாலும் தேர்வுக்குப் படிக்கும் கோட்பாட்டுப் பாடமாகவே நடத்தப்பட்டது.

2012 இல் நீதியரசர் ஜே. எஸ். வர்மா ஆணையம் பயிற்சிக் காலத்தை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. குழுமத்தின் 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கின, பள்ளி அனுபவத்திற்கு 20 வாரங்கள் ஒதுக்கின. தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் தொழில்திறன் மேம்பாட்டுப் பாடங்களுள் ஒன்றாக இடம்பெற்றது.

எனினும், விதிமுறை பாடத்தின் பெயரையே தரும். அதற்கு உயிர் தருவது கல்லூரியின் பாடத்திட்டத் தலைமை. பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் பின்னிப் பிணைந்தவை என 2006 இல் மிஸ்ரா, கோஹ்லர் ஆகியோர் விளக்கினர். கணினிப் பாடத்தைத் தனியே நடத்தினால் பயிற்சி ஆசிரியர் கணினியை இயக்கக் கற்பார். கணிதம் கற்பித்தல் வகுப்பிலேயே பேராசிரியர் ‘ஜியோஜீப்ரா’ மென்பொருளில் முக்கோணத்தை இழுத்து மாற்றிக் காட்டினால், அதைக் கொண்டு கணிதம் கற்பிக்கக் கற்பார். முதல்வரும் பேராசிரியர்களும் இவ்விரண்டில் எதைத் தேர்கிறார்களோ, அதுவே நாளை பள்ளி வகுப்பறைக்குச் செல்கிறது.