உள்ளே என்ன இருக்கு?

சாசேஜ் ஒரு மர்மப் பண்டம். இறைச்சியை அரைத்து, மசாலா சேர்த்து, ஒரு குடலுக்குள் திணித்துக் கட்டிவிட்டால் முடிந்தது. அப்புறம் அது ஆடா, மாடா, பன்றியா என்று பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது. செய்தவனுக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும்.

எதையும் சாப்பிடுகிற ஆசாமிக்கு இதில் பிரச்னை இல்லை. சாப்பிடுகிறவர் யூதராக இருந்துவிட்டால்?

யூதர்களின் சாப்பாட்டு விதிக்கு ஏற்ற உணவைக் கோஷர் என்பார்கள். பன்றி கூடவே கூடாது. குளம்பு பிளந்திருக்க வேண்டும், அசையும் போட வேண்டும். ஆடு, மாடு ஓகே. ஆனால் யார் வேண்டுமானாலும் வெட்டிவிட முடியாது. அதற்கென்று பயிற்சி பெற்றவர், பிசிறில்லாத கத்தியால் அறுக்க வேண்டும். நுரையீரலைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பில் கிடத்தி, ரத்தத்தை வடிக்க வேண்டும். அதோடு ஆச்சா? இறைச்சியும் பாலும் ஒன்றாகச் சேரக்கூடாது. எனவே கோஷர் சாசேஜ் விற்கிற கடையில் வெண்ணெய் கிடையாது, சீஸ் கிடையாது. சாப்பிட்டு முடித்து ஒரு பால் காபி கேட்டால் அதுவும் கிடையாது.

இத்தனையும் ஒழுங்காக நடந்ததா என்று வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. நம்பத்தான் வேண்டும்.

யாரை நம்புவது? நியூ யார்க் யூதர்கள் நூறு வருடத்துக்கும் மேலாக அடித்துக்கொண்டது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

1881-ல் ரஷ்யாவில் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டரைக் கொன்றுவிட்டார்கள். பழி யூதர்கள் தலையில் விழுந்தது. அடி, உதை, சூறை. பிழைக்க வழியும் இல்லை. மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேற ஆரம்பித்தார்கள். 1924-ல் அமெரிக்கா சட்டம் போட்டுக் கதவைச் சாத்துகிற வரைக்கும் வந்து இறங்கியவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி நியூ யார்க்கிலேயே தங்கியது. லோயர் ஈஸ்ட் சைடு என்கிற பகுதியில் இடுப்பை வளைக்க இடமில்லாமல் நெருக்கியடித்துக் குடியேறினார்கள்.

அங்கே அவர்களுக்கு முன்பே ஜெர்மானியர்கள் இருந்தார்கள். சாசேஜும் ஊறுகாயும் விற்கிற டெலிகடெசன் கடைகள் அவர்களுடையவை. ஜெர்மன் யூதர்கள் அதையே மாட்டிறைச்சியில், பூண்டு தூக்கலாகப் போட்டுச் செய்தார்கள். பெர்லினிலிருந்து வந்த ஐசக் கெலிஸ் 1872-லேயே எசெக்ஸ் தெருவில் கோஷர் சாசேஜ் தொழிற்சாலை போட்டுவிட்டார்.

சொந்த கிராமத்தில் மாடு அறுக்கிறவர் யார், அவர் தாத்தா யார் என்பது வரை எல்லோருக்கும் தெரியும். நியூ யார்க்கில் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்றே தெரியாது. கடை வாசலில் கோஷர் என்று எழுதிவைக்கப் பெயின்ட் டப்பா ஒன்று போதும்.

இதை ஒழுங்குபடுத்த, பல ஜெபக்கூடங்கள் சேர்ந்து 1888-ல் வில்னா நகரத்திலிருந்து ஜேக்கப் ஜோசப் என்கிற மதகுருவை வரவழைத்தன. தலைமை ரபி என்று பட்டம். நல்ல படிப்பாளி, நல்ல பேச்சாளர். அவர் சம்பளத்துக்குப் பணம்? முறைப்படி அறுத்த கோழிக்கு ஒரு முத்திரை, முத்திரைக்கு ஒரு சென்ட்.

ஒரு சென்ட்தானே என்கிறீர்களா? ரஷ்யாவில் ஜார் அரசு இதேபோல கோஷர் இறைச்சிக்கு வரி போட்டு அவர்களைக் கசக்கியிருந்தது. கடல் தாண்டி வந்தும் அதே வரியா என்று ஜனங்கள் கொதித்துப் போனார்கள். போதாக்குறைக்குப் போட்டி ரபி வேறு கிளம்பினார். அவர் தன் வீட்டு வாசலில் 'அமெரிக்காவின் தலைமை ரபி' என்றே போர்டு மாட்டிவிட்டாராம். யார் கொடுத்த பட்டம் என்று கேட்டதற்கு, போர்டு எழுதினவர் கொடுத்தது என்று பதில் சொன்னதாகக் கதை!

ஜேக்கப் ஜோசப் நோயில் விழுந்து, 1902 ஜூலையில் இறந்துபோனார். வாழ்ந்தபோது ஒரு சென்ட் கொடுக்க மறுத்த மக்கள், பல்லாயிரக்கணக்கில் திரண்டு இறுதி ஊர்வலம் போனார்கள். வழியில் ஓர் அச்சு இயந்திரத் தொழிற்சாலை. அதன் ஜன்னல்களிலிருந்து ஊர்வலத்தின் மீது தண்ணீரும் இரும்புத் துண்டுகளும் பறந்தன. கலவரம். வந்த போலீஸ் அடித்ததும் ஊர்வலத்தில் வந்தவர்களைத்தான்.

அதே 1902 மே மாதத்தில் இன்னொரு யுத்தம். கோஷர் மாட்டிறைச்சி பவுண்டு 12 சென்ட்டிலிருந்து 18 சென்ட்டுக்குத் தாவியது. குடும்பத்தலைவிகள் தெருவில் இறங்கிவிட்டார்கள். கடை கடையாகப் புகுந்து இறைச்சியை வீதியில் வீசினார்கள். வாங்கிக்கொண்டு போனவர்கள் கையிலிருந்தும் பிடுங்கினார்கள். சனிக்கிழமை ஜெபக்கூடத்துக்குள் நுழைந்து, வேதம் வாசிக்கிற நேரத்தில் ஆண்களிடம் நியாயம் கேட்டார்கள். கைதானவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விலை ஜூனில் 14 சென்ட்டுக்கு இறங்கியது.

ரபியால் முடியாததை அரசாங்கம் செய்து பார்த்தது. கோஷர் அல்லாததைக் கோஷர் என்று ஏமாற்றி விற்றால் குற்றம் என்று 1915-ல் நியூ யார்க் மாநிலம் சட்டம் போட்டது. இறைச்சி வியாபாரிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கோஷர் என்றால் என்ன என்பதில் ரபிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, எங்களை எப்படித் தண்டிப்பீர்கள் என்பது வாதம். எடுபடவில்லை. தொழிலில் இருக்கிற உங்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் நன்றாகவே தெரியும், தவிர, ஏமாற்றும் நோக்கம் இருந்தால்தானே தண்டனை என்று 1925 ஜனவரியில் தீர்ப்பானது.

நடுவில் 1916-ல், நாதன் ஹாண்ட்வெர்க்கர் என்கிற போலந்து யூதர் கோனி ஐலண்ட் கடற்கரையில் சாசேஜ் கடை திறந்தார். மாட்டிறைச்சிதான், ஆனால் ரபியின் மேற்பார்வை கிடையாது. கோஷர் ஸ்டைல்! பக்கத்தில் 10 சென்ட்டுக்கு விற்பதை இவர் 5 சென்ட்டுக்குக் கொடுத்தார். இவ்வளவு மலிவா, உள்ளே என்ன போட்டானோ என்று சந்தேகம். டாக்டர் போல வெள்ளைக் கோட்டு மாட்டிய ஆட்களைக் கடை வாசலில் நிறுத்திச் சாப்பிட வைத்தார் என்று சொல்வார்கள். டாக்டரே சாப்பிடுகிறார், அப்புறம் என்ன? கூட்டம் அள்ளியது.

1930-களின் தொடக்கத்தில் நகரத்தில் 1,500-க்கும் மேற்பட்ட கோஷர் டெலிகள் இருந்தன. சும்மா சாப்பிட்டுவிட்டுப் போகிற இடங்கள் இல்லை அவை. அரசியல், கல்யாணப் பேச்சு, ஊர் வம்பு எல்லாமே அங்கேதான். இரண்டாம் உலகப்போருக்குப் போன பிள்ளைகளுக்குக் காய்ந்த சலாமியைத் தபாலில் அனுப்பினார்கள்.

போர் முடிந்தது. பிள்ளைகள் படித்து, சம்பாதித்து, புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். சூப்பர் மார்க்கெட் வந்தது. கொழுப்பு, கொலஸ்ட்ரால் பயமும் வந்தது. டெலிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

ஏப் லெபவோல் என்பவர் 1954-ல் செகண்ட் அவென்யூ டெலியை ஆரம்பித்தார். பசி என்று வந்தவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்புகிற மனிதர். 1996 மார்ச்சில், வங்கியில் பணம் கட்டப் போன வழியில் அவரை யாரோ சுட்டுக் கொன்று பணத்தைப் பறித்துக்கொண்டு போனார்கள். கொலையாளி அகப்படவே இல்லை. 2006-ல் மூடிய கடையை அடுத்த வருடமே வேறு தெருவில் திறந்தார்கள். இறைச்சி கோஷர்தான். ஆனால் சனிக்கிழமையும் வியாபாரம் நடப்பதால், ஆசாரமான யூதர்கள் பலர் அங்கே கைநனைப்பதில்லை.

அந்த 1915 சட்டம் என்ன ஆனது? எது கோஷர் என்று ஒரு மதப்பிரிவின் அளவுகோலை வைத்துத் தீர்மானிப்பது அரசின் வேலை இல்லை என்று 2002-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. 2004-ல் வந்த புதுச் சட்டம் கேட்பது ஒன்றுதான்: கோஷர் என்று சான்றளித்தது யார் என்று சொல்லிவிடு.

நம்புவதும் நம்பாததும் சாப்பிடுகிறவர் பாடு.