புலம்பற்காரிகளின் பாட்டைப் படித்த ஆசிரியை

எரேமியா ஒன்பதாம் அதிகாரத்தில் எருசலேம் அழியப்போகிறது. உடனே புலம்பற்காரிகளுக்கு ஆள் அனுப்பச் சொல்கிறார் தீர்க்கதரிசி. அந்தப் பெண்கள் தங்கள் மகள்களுக்கும் ஒப்பாரி கற்றுத்தர வேண்டுமாம். நெல்லைச் சீமையில் பாட்டியின் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த எனக்கு இந்த இடத்துக்கு உரையே தேவைப்பட்டதில்லை. இந்தப் பெண்களின் பாட்டை ஒரு முழு நூலுக்குப் பொருளாக எடுத்த ஒருவர் மார்பர்கில் வாழ்ந்தார் என்பது ஜெர்மனிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் பெயர் ஹெட்விக் யானோ. யூத வம்சத்தில் 1879இல் பிறந்த கிறிஸ்தவர். பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் 1908 வரை பெண்களை முறையான மாணவராகச் சேர்க்கவில்லை. அதனால் பெர்லினில் அனுமதி வாங்கி, வெறும் கேட்பாளராக உட்கார்ந்து படித்தார். 1907 முதல் மார்பர்க் எலிசபெத் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. பேர்பெற்ற இறையியல் பேராசிரியர்கள் நிறைந்த ஊர் அது. இவருக்கோ பகலெல்லாம் பள்ளி வேலை.

அப்படி இருந்தும் 1923இல் எபிரேய ஒப்பாரி பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. பல நாட்டு மக்களின் சாவுப் பாடல்களைத் தேடி எடுத்து, வேதத்தின் பாடல்களுக்குப் பக்கத்தில் வைத்தார். அன்று எப்படி இருந்தாய், இன்று எப்படிக் கிடக்கிறாய் என்று இறந்தவரைப் பார்த்துக் கேட்கும் முறையைத் தனியே எடுத்துக் காட்டினார். எங்கள் ஊர் ஒப்பாரியும் இந்த எலும்பின் மேல்தான் நிற்கிறது. தாவீது சவுலுக்குப் பாடியதில் அது இருக்கிறது. புலம்பல் நூல் தொடங்குவதே அப்படித்தான்: ஜனம் நிறைந்திருந்த நகரம் விதவையாகத் தனியே உட்கார்ந்திருக்கிறது.

என்னை அசைத்தது தீர்க்கதரிசிகளைப் பற்றிய பகுதி. நாடு செழித்திருக்கும்போதே ஆமோஸ் அதற்குச் சாவுப்பாட்டு பாடுகிறார். எசேக்கியேல் தீரு நகரத்துக்குப் பாடுகிறார். உயிரோடிருப்பவன் வாசலில் ஒப்பாரி கேட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்? அந்த நடுக்கத்துக்காகவே அவர்கள் அந்த வடிவத்தை எடுத்தார்கள். அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்திருந்தவர்களோ இழவு வீட்டில் பாடிய பெண்கள். தீர்க்கதரிசிகளின் பெயரில் நிற்கும் இந்தப் பாடல்களில் பாதி உரிமை அவர்களுடையது என்பேன்.

1926இல் கீசன் பல்கலைக்கழகம் யானோவுக்கு இறையியலில் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. நாஜி ஆட்சி அவருடைய வேலையைப் பறித்தது. 1942இல் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1944இல் அங்கேயே இறந்தார். சாவுப் பாடல்களைப் பற்றி அவ்வளவு எழுதியவருக்கு அழுது பாட ஒருத்தி இருந்திருப்பாளா என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1994இல், பழைய ஏற்பாட்டைப் பெண்ணிய நோக்கில் ஆராய்ந்தவர்கள் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார்கள். பழைய ஏற்பாட்டில் பெண்ணைப் பற்றி 1914இல் யானோ எழுதிய கட்டுரையை அதில் சேர்த்தார்கள். அதே நோக்கில், 1998இல் லூயிசே ஷோட்ரோஃபும் மரீ-தெரேஸ் வாக்கரும் தொகுத்த பெண்ணிய வேத உரைக் களஞ்சியம், வேதத்தின் எல்லாப் புத்தகங்களுக்கும் பெண்கள் எழுதிய உரையோடு வந்தது.

நம் இறையியல் கல்லூரிகளில் புலம்பல் நூலைப் பாடமெடுக்கும் நாளில், ஒப்பாரி தெரிந்த பாட்டிமாரை வகுப்புக்கு அழைத்துப் பாடச் சொல்ல வேண்டும். மாணவர்கள் குறிப்பெடுக்கட்டும். கூலியும் கொடுக்க வேண்டும்.