மதிப்பெண் போட்டியும் புத்தகப் பகிர்வும்: ஒரு வரலாற்றுப் பார்வை

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் நமது மஹல்லாவின் பெற்றோர்கள் நம்மிடம் கொண்டு வரும் முறையீடுகளுள் ஒன்று சற்று விநோதமானது. ஒரே தெருவில் பிறந்து, ஒரே வகுப்பில் அமரும் இரு பிள்ளைகளுள் ஒருவர் தமது குறிப்பேட்டை மற்றவருக்குத் தர மறுக்கின்றார் என்பதே அது. இதனைப் பிள்ளைகளின் குணக்கேடு என்று கூறிவிடுவது எளிது. ஆயினும் இவ்வழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அது நமது மூத்தவர்களின் வாழ்நாளுக்குள்ளேயே அடங்கிவிடும் குறுகிய வரலாறுதான்.

பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கல்லூரிக்குச் சென்று ஓராண்டு புகுமுக வகுப்பு பயிலும் முறையே முன்னர் தமிழகத்தில் இருந்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டு, 1980இல் முதல் அணியினர் பிளஸ் டூ தேர்வு எழுதினர். இதன் விளைவாக மருத்துவம், பொறியியல் ஆகியவற்றின் வாயில் கல்லூரியிலிருந்து பள்ளிக்கூடத்திற்குள் நகர்ந்தது. பதினேழு வயதுப் பிள்ளையின் சில வாரத் தேர்வு, குடும்பம் முழுவதின் விதியாகப் பேசப்படலாயிற்று.

1984இல் தொழிற்கல்விப் படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வு கொண்டு வரப்பட்டது. மேல்நிலைத் தேர்வின் பாட மதிப்பெண்கள் 200க்கும், நுழைவுத்தேர்வு 100க்கும் கணக்கிடப்பட்டு, 300க்குத் தரவரிசை வகுக்கப்பட்டது. நகரங்களில் பயிற்சி நிலையங்கள் பெருகின. அங்கு தரப்பட்ட வினாத் தொகுப்புகள் கட்டணம் செலுத்தியவர்களுக்கு மட்டுமே உரியவை. குறிப்பேட்டை ஒளிக்கும் வழக்கம் இங்குதான் வேரூன்றியது என்பது நமது கருத்து. ஆசிரியர் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைப் பகிர்வதில் எவருக்கும் தயக்கம் எழுவதில்லை. தந்தை கடன் வாங்கிப் பெற்றுத்தந்ததைச் சும்மா கொடுக்க மனம் துணிவதில்லை. சிற்றூர்ப் பிள்ளைகள் இதில் பின்தங்கினர் என்ற குரல் தொடர்ந்து ஒலித்தது. நுழைவுத்தேர்வை நீக்க 2005இல் எடுக்கப்பட்ட முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பின்னர் இயற்றப்பட்ட சட்டம் 2007இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது; அவ்வாண்டு முதல் மேல்நிலை மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று.

போட்டி இதனால் தணிந்ததா எனில், இல்லை. அது ‘கட்-ஆஃப்’ என்னும் எண்ணுக்குள் புகுந்துகொண்டது. அக்கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அப்போது ஒவ்வொரு பாடமும் 200 மதிப்பெண், மொத்தம் 1200. பொறியியலுக்குக் கணிதம் 100க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50க்கும் சுருக்கப்பட்டன. ஆகவே இயற்பியலில் இழந்த ஒரு மதிப்பெண் தரவரிசையில் கால் மதிப்பெண்ணாக நின்றது. அந்தக் கால் மதிப்பெண்ணுக்குள் எத்தனையோ பேர் நெருங்கி நின்றனர். இருவர் சமமாக நின்றால் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் எனப் பார்த்து, அதன் பின்னும் சமமெனில் பிறந்த தேதியையும், இறுதியில் கணினி வழங்கிய சமவாய்ப்பு எண்ணையும் கொண்டு தீர்த்தனர். ஈராண்டு இரவுபகலாகப் படித்த பிள்ளையின் இடத்தை இறுதியில் ஒரு குலுக்கல் எண்ணும் தீர்மானிக்கக்கூடும்!

இக்கணக்கை அறிந்தோர் மற்றொன்றையும் உணர்வர். அக்காலத்தில் பிளஸ் டூ தேர்வு எழுதியோர் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு லட்சம் பேர். பக்கத்து இருக்கைப் பிள்ளையிடம் குறிப்பேட்டை மறைத்தவர் அந்த எட்டு லட்சத்தில் ஒரேயொருவரைத் தடுத்தார். ஆனால் தமது ஐயத்தைக் கேட்பதற்குரிய ஒருவரை முற்றாக இழந்தார்.

மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என நாளிதழ்களில் படம் வரும் ஆசையும் இத்துடன் சேர்ந்தது. நாமக்கல் பகுதியின் விடுதிப் பள்ளிகளை நாடித் தென்மாவட்டங்களிலிருந்தும் பெற்றோர் சென்றனர். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் போக்கும் தனியார் பள்ளிகளில் பரவியது. தரவரிசை வெளியிடும் வழக்கத்தை அரசு 2017இல் கைவிட்டது. 2017-18 முதல் மொத்த மதிப்பெண்ணும் 600ஆகக் குறைக்கப்பட்டது.

பகிர்வின் வரலாறோ போட்டியின் வரலாற்றைவிட மூத்தது. உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியில் வசித்தபோது, அன்சாரியான அண்டை வீட்டாரும் தாமும் முறை வைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களின் சபைக்குச் சென்றனர். சென்றவர் அன்று கேட்டதை மற்றவருக்கு எடுத்துரைத்தார். இதனை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தமது தொகுப்பின் கல்விப் பகுதியில் பதிவு செய்துள்ளார்கள். மதரஸாக்களில் ‘தக்ரார்’ என்றொரு முறை உண்டு. உஸ்தாத் நடத்திய பாடத்தை, நன்கு விளங்கிய மாணவர் இரவில் மற்றவர்களுக்கு மீண்டும் சொல்வார். அதில் பெரும்பயன் அடைபவர் சொல்பவரே என்பதை அதில் அமர்ந்த நாம் அறிவோம்.

பள்ளிக்கூடங்களிலும் அத்தகைய வழக்கங்கள் இல்லாமலில்லை. மே மாதத்தில் மேல்வகுப்பு அண்ணன்மாரின் வீடு தேடிச் சென்று பாதி விலைக்குப் புத்தகம் வாங்குவதும், ஒரே கோனார் உரையைத் தெருவே மாறிமாறிப் படிப்பதும் சாதாரணம். சென்னையில் 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளை நம்பியே படித்து முடித்தவர்கள் பலர். பின்னர் ஜெராக்ஸ் கடைகள் வந்தன. ஒருவரின் குறிப்பேடு ஒரே மாலையில் பத்துப் பிரதிகளாயிற்று. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் இலவசமாகக் கிடைத்தபின் புத்தகப் பகிர்வின் தேவை குறைந்தது. ஆனால் அருமையான பொருள் இடம் மாறிவிட்டது: முன்பு பாடநூல், பின்பு வினாத்தொகுப்பு, 2017இல் நீட் வந்தபின் பயிற்சிக் கட்டணம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை அரசு 2020இல் வழங்க நேர்ந்ததே இவ்விடைவெளிக்குச் சான்று.

பள்ளிவாசல் மாடி அறையில் மாணவர்களுக்கென ஒரு புத்தக அலமாரி வேண்டுமெனச் சில இளைஞர்கள் கோரியுள்ளனர். நிர்வாகக் குழு இதனை ஏற்க வேண்டும் என்பதே நமது விருப்பம். வீட்டுப் பரண்களிலிருந்து நூல்களை எடுத்து வரும் ஜமாஅத்தார்கள் ஒன்றை மட்டும் கவனிக்கவும். பதினோராம் வகுப்புப் பாடநூல்கள் 2018இலும், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்கள் 2019இலும் மாற்றப்பட்டன. எனவே பன்னிரண்டாம் வகுப்புக்கு 2020 மார்ச் முதல் நடைபெற்ற தேர்வுகளின் வினாத்தாள்களையே சேகரித்தல் நலம். 2021இல் நோய்த்தொற்றினால் பொதுத்தேர்வு நடைபெறவில்லை. அவ்வாண்டின் வினாத்தாளைத் தேடி எவரும் அலைய வேண்டாம்.