வீடு கட்டலாம், வாங்க இயலாது: முகாம்களும் சட்டமும்

தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் பலரும் 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் பார்வையில் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடாததால், அகதி என்ற சட்டத்தகுதியும் அவர்களுக்கில்லை.

2021 ஆகஸ்டில் மாநில அரசு அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட 231.54 கோடி ஒதுக்கப்பட்டது. வீடொன்றுக்குச் சராசரியாக 3.10 லட்சம். ஒழுகும் கூரையின் கீழ் வாழ்ந்தோருக்கு இது சிறு செய்தியன்று, வரவேற்கிறோம்.

உடைமை என்பது வேறு வழக்கு. அந்நியச் செலாவணி விதிகளின்படி, இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன்அனுமதியின்றி இங்கு வீடோ நிலமோ வாங்க இயலாது. ஐந்தாண்டுக்கு மிகாத குத்தகைக்கு மட்டுமே விலக்கு. 2018இல் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளின் சிறுபான்மையினருள் நீண்டகால விசா பெற்றோர் குடியிருக்க ஒரு வீடு வாங்க வழி திறக்கப்பட்டது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இல்லை. இதைத் தற்செயல் என நாம் கருதவில்லை.

முகாம்களிலுள்ள மலையகத் தமிழரின் நிலை இன்னும் விந்தையானது. தலித் மக்களைப் பெரும்பகுதியாகக் கொண்ட இச்சமூகத்தில் பல இலட்சம் பேருக்குக் குடியுரிமை வழங்க 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா ஒப்புக்கொண்டிருந்தது. 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இத்தகையோரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலித்து 16 வாரங்களுக்குள் முடிவெடுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது.