கண் நீர் அழுத்த நோய்: ஹைதராபாத்

குளுக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய், பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அரித்துவிடும் நோய். கண்ணின் முன்பகுதியில் ஓயாமல் சுரக்கும் நீர், ஐரிஸும் கருவிழியும் சேரும் கோணத்திலுள்ள சல்லடை வழியே வடிகிறது. சல்லடை மந்தப்பட்டாலோ கோணமே அடைபட்டாலோ அழுத்தம் ஏறும். பெரும்பாலும் வலி இருக்காது. பக்கப் பார்வை முதலில் மங்கும். போன பார்வை மீளாது. ஹைதராபாத்தில் தெலுங்கு பேசுவோர் இதை ‘நீட்டிகாசுலு’ என்றும் உருது பேசுவோர் ‘காலா மோத்தியா’ என்றும் சொல்கிறார்கள். கண்புரைக்கும் ‘மோத்தியா’ என்றே பெயர் என்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட இடமுண்டு. புரையை எடுத்தால் பார்வை திரும்பும், இதில் திரும்பாது.

ஒரு காலத்தில் மருத்துவர்கள் இமைமேல் விரலால் அழுத்தியே கண்ணின் கடினத்தை மதிப்பிட்டார்கள். 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருவாக்கிய கண்ணகநோக்கி, குழிந்துபோன நரம்பு முனையை உயிருள்ள கண்ணிலேயே காட்டியது. 1857-இல் ஃபான் கிரேஃபே ஐரிஸின் ஒரு பகுதியை வெட்டியெடுத்துச் சிகிச்சை தந்தார். அடுத்த பெரிய அடி தென்னிந்தியாவில் விழுந்தது: 1909-இல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் ராபர்ட் ஹென்றி எலியட், கருவிழியின் ஓரத்தில் வட்டத் துளையிட்டு நீரை வடியவிடும் அறுவையை வகுத்தார். அது உலகெங்கும் பரவியது. பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது, துளைமேல் மெல்லிய மூடி வைக்கும் டிராபெக்குலெக்டமி. 1968-இல் கெய்ர்ன்ஸ் அதை விவரித்தார்.

இத்தனைக்குப் பிறகும் அழுத்தம்தான் நோய் என்ற எண்ணம் எளிதில் போகவில்லை. அதன் குறையை ஹைதராபாத்தில் நடந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது. 1987-இல் தொடங்கிய எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம், 1996-இல் ஆந்திரப் பிரதேச கண் நோய் ஆய்வைத் தொடங்கி, நகரில் 2,522 பேரைப் பரிசோதித்தது. கோணம் அடைபடாமல் திறந்தே இருக்கும் வகை நோய் 27 பேருக்கு உறுதியானது. அவர்களில் இருவர்தான் முன்பே அறிந்திருந்தார்கள். புதிதாகக் கண்டறியப்பட்ட கண்களில் பாதிக்கும் மேலானவற்றில் அழுத்தம் 22 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே, வழக்கமான எல்லைக்குள் இருந்தது. அழுத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் அவர்கள் நலமானவர்களாகவே வீடு திரும்பியிருப்பார்கள்.

ஆகவே முழுப் பரிசோதனை அவசியம். மரக்க வைத்துச் சாயமிட்ட கருவிழியைக் கோல்ட்மன் கருவியின் முனை தொடும்போது, நீல ஒளியில் இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியும். அவற்றின் உள்விளிம்புகள் தொட்டுக்கொள்ளும் வரை திருகைத் திருப்பினால் அழுத்தம் கிடைக்கும். அதோடு கண்ணாடி பதித்த வில்லையால் கோணத்தையும், பாவையை விரித்து நரம்பையும் பார்க்க வேண்டும். பார்வைப் பரப்புச் சோதனையில் நோயாளி ஒரு புள்ளியையே நோக்கியபடி, சுற்றிலும் மினுங்கும் ஒளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்துவார்.

சிகிச்சை எதுவானாலும் குறி ஒன்றே: அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சிய நரம்பைக் காப்பது. டிமோலால் சொட்டு மருந்து 1970-களின் இறுதியிலும் லாட்டனோபிராஸ்ட் 1996-லும் வந்தன. சொட்டு விடுவதால் பார்வை கூடுவதாக உணர முடியாது; அதனாலேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள், இந்நோயில் மிகவும் வருந்தத்தக்கது இதுவே. சொட்டு போதாதபோது லேசரும் அறுவையும் உண்டு. மதுரை ஆரோலேப் குறைந்த விலையில் வடிகால் சாதனமும் தயாரிக்கிறது. கோணம் அடைபடும் வகைக்கு, ஐரிஸில் லேசரால் சிறு துளையிடுவது சில நிமிட வேலை. ஹைதராபாத் ஆய்வில் அவ்வகை நோய் வெளிப்பட்டிருந்த 12 பேரில் ஒருவருக்கே அத்துளை இடப்பட்டிருந்தது. ஐவர் ஒரு கண்ணிலோ இரு கண்களிலுமோ பார்வை இழந்திருந்தார்கள்.