கூலியில்லா வேலைக்காரன்

சென்ற வாரம் என் பேரன் தொலைக்காட்சியில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் யந்திர மனிதன் ஒருவன் நகரத்தையே துவம்சம் செய்துகொண்டிருந்தான். “ரோபோ ஏன் தாத்தா எப்போதும் எஜமானனையே அடிக்கிறது?” என்று கேட்டான் பேரன். நானும் கதை எழுதிப் பிழைக்கிறவன்தான். ஆனாலும் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. பழைய சரித்திரம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

1920-ஆம் ஆண்டில், அன்றைய செக்கோஸ்லோவாகியாவில், காரெல் சாப்பெக் என்ற எழுத்தாளர் ஒரு நாடகம் எழுதினார். மனிதர்களைப் போன்ற வேலையாட்களைத் தொழிற்சாலையில் செய்து விற்கிறார்கள் என்பது கதை. கதை பிடிபட்டுவிட்டது, அந்த வேலையாட்களுக்குப் பெயர்தான் அகப்படவில்லை. மனத்தில் தோன்றிய பெயரில் ஏட்டு வாசனை அடித்தது. அண்ணன் யோசெப் ஒரு சித்திரக்காரர். அவரிடம் போய் யோசனை கேட்டார். படம் வரைந்துகொண்டிருந்த அண்ணன், தூரிகையை வாயில் கவ்விக்கொண்டே, ‘ரோபோ’ என்று வைத்துவிடும்படி முணுமுணுத்தாராம். இதைக் காரெலே 1933-இல் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்.

செக் மொழியில் ‘ரொபோத்தா’ என்றால் என்ன தெரியுமா? பண்ணையடிமைகள் பிரபுவின் நிலத்தில் கூலியின்றிச் செய்த கட்டாய வேலை. 1848-இல்தான் அது அந்த நாட்டில் ஒழிந்தது. நம் பழைய கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வருவதும் இத்தகைய கூலியில்லா உழைப்புத்தான். இன்று ‘வெட்டி வேலை’ என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்லுகிறோம்!

நாடகம் 1921 ஜனவரியில் பிராக் நகரத் தேசிய நாடக அரங்கில் மேடை ஏறியது. சாப்பெக்கின் ரோபோக்கள் இரும்புப் பொம்மைகள் அல்ல. ரசாயன முறையில் செய்த சதையும் ரத்தமும் கொண்டவை. கடைசியில் அவை கலகம் செய்து மனித குலத்தையே அழித்துவிடுகின்றன. ஒரே ஒரு கிழவரை மட்டும் விட்டுவைக்கின்றன. காரணம், அவர் தங்களைப் போலவே கையால் வேலை செய்கிறவர் என்பதுதான்.

பிறகு வந்த கதைகள் இந்தக் காரணத்தை மறந்து, கலகத்தை மட்டும் பிடித்துக்கொண்டன. 1942-இல் ஐசக் அசிமோவ் என்ற அமெரிக்க ஆசிரியர் ரோபோக்களுக்கு மூன்று விதிகள் வகுத்தார். மனிதனுக்குத் தீங்கு செய்யாதே, சொன்னபடி கேள், உன்னைக் காத்துக்கொள். நல்ல விதிகள்தாம். ஆனால் கூலியைப் பற்றி அவற்றில் ஒரு வார்த்தை கிடையாது. செயற்கை நுண்ணறிவு நம்மை அழித்துவிடுமோ என்று இன்று நடுங்குகிறோமே, அந்த நடுக்கத்தில் பாதி எஜமானனின் குற்றமுள்ள நெஞ்சு என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் சகோதரர்களின் கதியையும் சொல்லிவிடுகிறேன். காரெல் 1938 டிசம்பரில் காலமானார். மறு வருஷம் நாஜிகள் யோசெப்பைக் கைது செய்து முகாம் முகாமாக அனுப்பினார்கள். மனிதனுக்குப் பெயரை எடுத்துவிட்டு எண்ணைக் கொடுத்து, சாகும்வரை வேலை வாங்கிய முகாம்கள் அவை. ரோபோவுக்குப் பெயர் வைத்தவர் 1945-இல் பெர்கன்-பெல்சன் முகாமில் மாண்டார். அவரை அந்த நிலைக்கு ஆளாக்கியது யந்திரம் அல்ல, மனிதன்.

இவ்வளவையும் பேரனிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “அப்போ கூலி கொடுத்துட்டா அடிக்காதா, தாத்தா?” என்றான்.

உள்ளே வேலைக்காரம்மாள் பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. சம்பளத் தேதி கடந்து மூன்று நாள் ஆகியிருந்தது. எழுந்து போய்ப் பணப்பையைத் தேடினேன்.